தொழிலாளர் காவற்கண்ணாடியும் அதன் பக்கக்கைகளும்

மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து சங்க இலக்கியம் பற்றியோ பெரியபுராணம் பற்றியோ சில பக்கங்களை அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாமும் அவ்வாறே எண்ணி எழுதத் தொடங்கினோம். ஆயின் கிருலப்பனையிலே ஒரு பட்டறையிற் கண்ட காட்சி எம்மை விட்டு அகலவில்லை. ஆதலின் மூக்குக்கண்ணாடியைப் பற்றி எழுதுகின்றோம். அதிலும் சிறப்பாக, தொழிலாளர் அணியும் காவற்கண்ணாடியின் இரு மருங்கிலும் காதிற் கொளுவும் கைகளைப் பற்றி. எம் பழைய மாணவருள்ளே பொறியியலாளரும் கண் வைத்தியரும் பலர் உளர். துறை கடந்து எழுதுவதை அவர்கள் பொறுத்தருள்வாராக.

ஹைலெவல் வீதியிலே கிருலப்பனைச் சந்தியைக் கடந்து உள்ளொழுங்கைகளுட் புகுவார்க்கு இரும்பறுக்கும் ஓசை எங்காவது ஓரிடத்திற் கேளாதிராது. படலையும் யன்னற் கம்பியும் செய்யும் அத்தகைய சிறு பட்டறையொன்றுக்கு, வீட்டு யன்னலொன்றின் பொருட்டுச் சென்றிருந்தோம். பட்டறைக்காரர் எம்மிடம் எட்டாம் வகுப்பிலே தமிழ் பயின்றவர். அவருடன் இரண்டு இளைஞர் வேலை செய்கின்றனர். எம்மைக் கண்டதும் கிரைண்டரை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அவரது இடக்கண்ணின் கருமணிக்கு மேலே சிறு வெண்புள்ளி ஒன்று தெரிந்தது. வினவினோம். சென்ற ஆண்டு இரும்புத் துகளொன்று தெறித்துப் புகுந்ததென்றும், ஆசுபத்திரியில் அதனை எடுத்தபோதும் தழும்பு மாறவில்லையென்றும், இப்பொழுது பத்திரிகை வாசிப்பது மற்றக் கண்ணாலே என்றும் கூறினார். அவருக்குப் பின்னே சுவரில் ஓர் ஆணியிலே தூசி படிந்த காவற்கண்ணாடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“கண்ணாடி இருக்குதே தம்பி, ஏன் போடவில்லை?” என்றோம்.

“போட்டால் காதடி நோகுது சேர். குனிஞ்சால் மூக்காலை வழுகி விழுது. அண்டைக்கும் உந்த ஆணியிலைதான் தொங்கினது.”

அதனை எடுத்துத் துடைத்துப் பார்த்தோம். ஆடியிலே கீறல் இல்லை, விரிசல் இல்லை. எந்தத் துகளையும் தடுக்கவல்ல நல்ல ஆடியே. கைகளோ ஒரே அளவினவாய், மடங்குவதன்றி வேறெவ்வகையிலும் அசையாதனவாய் இருந்தன. அவர் தலைக்கு அவை நீளமானவை. அன்று பிழைத்தது ஆடியன்று, கைகளே என்பது எமக்கு அவ்விடத்திலே தோன்றிற்று. பின்னர்ச் சில நூல்களைப் படித்தும் அறிந்தோரிடம் வினவியும் பார்த்தபொழுது அவ்வெண்ணம் வலுப்பெற்றது.

முதலில் அத்துகளின் வேகத்தைச் சிறிது கணித்துப் பார்ப்போம். பட்டறைகளில் வழங்கும் சிறு கிரைண்டரின் தட்டு 100 மில்லிமீற்றர் விட்டமுடையது. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்வது. அவ்வாறாயின் தட்டின் விளிம்பு செக்கனுக்கு 57 மீற்றருக்கு மேல் ஓடுகின்றது. மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் அதிகமென்க. காலி வீதியில் எந்த வாகனமும் அவ்வேகத்தில் ஓடுவதில்லை. விளிம்பிலிருந்து தெறிக்கும் பொறி ஏறக்குறைய அவ்வேகத்திலேயே புறப்படுகின்றது. மிகச் சிறியவை காற்றிலே விரைவிற் சோர்ந்துவிடுமெனினும், வேலை செய்பவரின் முகம் ஒரு முழ தூரத்துக்குள் இருப்பதால் அவை சோர இடமில்லை. இமை மூடுவதற்கு முன்னரே துகள் வந்து சேர்ந்துவிடும்.

அத்துகள் எவ்வளவு பெரிது? 1980ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தொழிற் புள்ளிவிபரப் பணியகம் வேலைத்தலங்களிற் கண்ணிற் காயமுற்றோரை ஆராய்ந்தது. காயம் விளைத்த பறக்கும் பொருள்களில் ஐந்தில் மூன்று பங்கு குண்டூசித் தலையினும் சிறியன என்பது அதிற் கண்ட முடிபு. காயமுற்றோரிலும் ஐந்தில் மூவர் அவ்வேளை எக்காப்பும் அணிந்திருக்கவில்லை. பெருங்கல்லுக்கு அஞ்சி விலகுவோர் கண்ணுக்குப் புலப்படாத துகளுக்கு அஞ்சுவதில்லை. கண்ணாடி ஆணியிலே தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரும்புத் துகள் கருவிழியின் முன்படலத்திற் பதிந்தால் சில மணி நேரத்துக்குள்ளேயே துருப்பிடிக்கத் தொடங்கும். துகளை எடுத்தபின்னும் துருவளையம் எஞ்சும். உளியை அடிக்கும்போது சிதறும் கூரிய துண்டு கண்ணுக்குள்ளேயே சென்றுவிடுதலும் உண்டு. அத்தகைய இரும்பு உள்ளே தங்குமாயின் நாளடைவில் விழித்திரையையே நஞ்சூட்டிக் கெடுத்துவிடும். எம் நாடு கண்தானத்துக்குப் பேர்பெற்றது. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தானச் சங்கம், 1964இல் சிங்கப்பூருக்கு அனுப்பத் தொடங்கி, பின்னர்ப் பல நாடுகளில் உள்ளோர்க்குப் பார்வை அளித்திருக்கின்றது. ஆயினும் ஈந்தவர் கண்ணிலிருந்து எடுத்துப் பொருத்தப்படுவது முன்படலமே. விழித்திரை கெட்டார்க்கு அக்கொடையாலும் பயனில்லை.

இனிக் கைகளின் வரலாற்றைச் சிறிது காண்போம். தமிழிலே நாம் இக்கருவியை மூக்குக்கண்ணாடி என்கின்றோம். காதுக்கு இப்பெயரிற் பங்கில்லை. தொடக்கக் காலத்துக் கண்ணாடிக்கோ இப்பெயர் முற்றும் பொருந்தும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே இத்தாலியில் முதன்முதல் தோன்றிய கண்ணாடிக்குக் கைகளே இல்லை. இரண்டு ஆடிகளை ஓர் ஆணியாற் பொருத்தி மூக்கின்மேல் ஏற்றிவைத்தனர். அல்லது கையாற் பிடித்துக்கொண்டனர். 1352இல் ரொமாசோ டா மொடேனா என்னும் ஓவியர் திரெவீசோ நகரில் வரைந்த சுவரோவியத்தில், துறவி ஒருவர் அத்தகைய கண்ணாடியோடு ஏடெழுதுவதைக் காணலாம். நூலோதுவார்க்கு அது போதியதாயிற்று. ஏடு வாசிப்போர் தலையை ஆட்டுவதில்லையன்றோ! விறைப்பான கைகளை இலண்டன் நகரத்து எட்வேர்ட் ஸ்கார்லெற் என்னும் ஆடி வணிகர் 1730ஆம் ஆண்டளவில் விற்றார். அவையும் காதுவரை செல்லாது கன்னப்பொறிகளை அழுத்தியே நின்றன. 1752இல் ஜேம்ஸ் அய்ஸ்கோ என்பவர் இரட்டைப் பிணைச்சலுடைய கைகளை விளம்பரம் செய்தார். ஆகக் கண்ணாடி பிறந்து ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் சென்றபின்னரே அதற்குக் கை முளைத்தது. குதிரையேறுவோர்க்கென்று காதைச் சுற்றி வளையும் கம்பிக் கைகள் பின்னர் வந்தன. உடல் அசையும் தொழிலுக்கே கை வேண்டப்படுகின்றது என்பது இவ்வரலாற்றால் விளங்கும்.

கண்ணாடி அணியும் அன்பர்கள் இவ்விடத்திலே அதனைக் கழற்றி ஒரு கையின் உட்புறத்தை நோக்குக. 52, 18, 140 என்பனபோன்ற மூன்று எண்கள் அங்கே பொறிக்கப்பட்டிருத்தல் கூடும். முதலாவது ஆடியின் அகலம். இரண்டாவது மூக்கின்மேல் அமையும் பாலத்தின் அகலம். மூன்றாவது கையின் நீளம். எல்லாம் மில்லிமீற்றர் அளவின. நாம் பார்வைக்கண்ணாடி வாங்கும்போது கடைக்காரர் எம் தலைக்கேற்ற கையைத் தேர்ந்து, சூடாக்கி வளைத்தும் கொடுக்கின்றார். பட்டறைத் தொழிலாளிக்கோ இரும்புக்கடையிலே உறையிலிட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகின்றனர். அதனை வளைத்துக் கொடுப்பாரில்லை. ஆதலால் வளைத்துக் கொடுப்பவரின் வேலையைக் கண்ணாடியே செய்துகொள்ள வேண்டும். மாற்றியமைக்கத்தக்க பக்கக்கைகள் தோன்றியமைக்குக் காரணம் இதுவே. மேலும், கிருலப்பனைப் பட்டறையிற் போல ஒரு கண்ணாடியை மூவர் மாறி மாறி அணியுமிடத்து, ஒரே அளவுடைய கை மூவருள் ஒருவருக்கே பொருந்தும். தலைக்கொன்று வாங்குவதே நன்று. ஆயினும் உள்ளதைச் சொல்கின்றோம்.

கண்ணாடி தலையிலே மூன்று இடங்களில் நிற்கின்றது: மூக்கு ஒன்று, காது இரண்டு. பாரத்திற் பெரும்பங்கை மூக்கே தாங்குகின்றது. காதின் தொழில் தாங்குவதன்று, தடுப்பது. நாம் குனியும்போது கண்ணாடி முன்னோக்கிச் சரிய முயலும். கையின் நுனியிலுள்ள வளைவு காதின் பின்புறத்திற் பற்றி அதனை நிறுத்தும். அவ்வளைவு காதின் உச்சியைக் கடந்தவுடனே தொடங்க வேண்டும். பத்து மில்லிமீற்றர் பிந்தித் தொடங்குமாயின், கண்ணாடி அந்தப் பத்து மில்லிமீற்றரும் சரிந்த பின்பே வளைவு பற்றும். எம் மாணவருக்கு நேர்ந்தது இதுவே. வியர்வை படிந்த மூக்கிலே அந்தச் சரிவுக்கு ஒரு கணமும் வேண்டியதில்லை. மாறாக வளைவு முந்தித் தொடங்கின், அது காதின் குருத்தெலும்பை இடைவிடாது அழுத்தும். ஒரு மணி நேரத்துக்குள் பொறுக்கவொண்ணாத நோவு உண்டாகும். அவரோ இரண்டையும் முறையிட்டார். சரியாதிருக்கும்பொருட்டுக் கண்ணாடியைப் பின்னே இறுக்கித் தள்ளியதால் ஆடியின் சட்டம் முகத்தை நெருக்க, கையின் விளிம்பு காதடியை உரஞ்சியதென்று அறிந்தோம்.

நீளத்தை மாற்றும் கை இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று மற்றொன்றின் உள்ளே வழுக்கிச் செல்லும். இடையிலே மூன்று அல்லது நான்கு பற்கள் அமைந்திருக்கும். இழுத்தால் ஒவ்வொரு பல்லிலும் ‘கிளிக்’ என்று நிற்கும். இதனை வடிவமைப்பார்க்குச் சங்கடம் ஒன்றுண்டு. பல்லின் பிடி மெல்லிதாயின் வேலைக்கிடையே தானாகவே நழுவும். வலிதாயின் வியர்த்த விரலால் நகர்த்த இயலாது, தொழிலாளி ஒருமுறை முயன்று விட்டுவிடுவார். பற்களைப் பத்தும் பன்னிரண்டுமாகப் பெருக்கினால் நுண்மை கூடுமே எனலாம். கூடும், ஆனால் ஒவ்வொரு பல்லும் சிறுத்து விரைவில் தேயும். அன்றியும் அரைத்த இரும்புத் தூள் அப்பற்களின் இடுக்கிற் புகுந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே சில பற்களே நன்று. திறந்த இடுக்குக் குறைவாயிருத்தல் அதனினும் நன்று. இடக்கை இரண்டாம் பல்லிலும் வலக்கை மூன்றாம் பல்லிலும் நின்றால் கண்ணாடி கோணும். பற்களுக்கு எண் பொறித்துவிட்டால் இது தீரும். இரு காதும் ஒரே நிலையில் இல்லாதவரும் உளர். அவர்கள் வேண்டுமென்றே வேறு வேறு பல்லில் வைத்துக்கொள்ளலாம்.

நீளத்தினும் ஒருபடி மேலானது சாய்வு. கண்ணின் மட்டத்துக்குக் காது எவ்வளவு உயரத்திலுள்ளது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். காது உயர்ந்திருப்பவர் அசையாக் கைகளை அணிந்தால், கையின் பின்முனை உயர, ஆடியின் கீழ்விளிம்பு கன்னத்தைத் தொட்டு மேல்விளிம்பு புருவத்தை விட்டு முன்னே விலகும். காது தாழ்ந்தவர்க்கு இதற்கு மாறாகக் கன்னத்தின் பக்கம் வாய்பிளக்கும். துகள்கள் நேரே வந்து ஆடியிலே மோதுவன மட்டுமல்ல. கன்னத்திற் பட்டுத் தெறித்து மேலே எழுவனவும், குனிந்த நெற்றியின் வழியே இறங்குவனவும் உண்டு. ஆகையால் அவ்விடைவெளி பெரிய வாயிலாகிவிடும். பிணைச்சலிலே சில படிகள் வைத்துக் கையை மேலும் கீழும் சாய்க்க வழி செய்தால், ஆடியைப் புருவத்துக்கும் கன்னத்துக்கும் ஒத்த தூரத்தில் நிறுத்தலாம். எம் கருத்தில், நீளம் மாற்றும் கையைவிடச் சாய்வு மாற்றும் கையே கண்ணை மிகுதியாகக் காக்கின்றது. ஆயின் தொழிலாளி கண்ணாடியை அணியச் செய்வது நீளமே. நோகாத கண்ணாடியைத்தான் எவரும் அணிவர்.

முற்றும் அடைத்துவிட்டாலோ வேறொரு துன்பம். கொழும்பின் வெக்கையும் ஈரமும் யாவரும் அறிந்தன. முகத்தின் ஆவி ஆடியிலே நுண்துளிகளாகப் படிந்து புகைமூட்டும். புகைமூடிய கண்ணாடியை அணிந்து சுழலும் தட்டைக் கையாள்வது கண்ணாடியின்றிக் கையாள்வதினும் இடரானது. கைவிரலும் கூடப் போகும். இதற்கெனச் சில ஆடிகளின் மேலே நீரை விரும்பும் மெல்லிய பூச்சு இடுகின்றனர். படியும் நீர் துளியாகாமல் தகடாகப் பரவுவதால் ஊடே பார்க்க முடிகின்றது. அப்பூச்சு உள்ள கண்ணாடியாயினும், காற்றுப் புகும் அளவு இடைவெளியை விட்டு, துகள் புகும் அளவை விடாமல் நிறுத்துவதற்குச் சாய்வுப் படிகளே துணை.

ஆடியின் செய்தியைச் சுருக்கிச் சொல்வோம். இன்றைய காவற்கண்ணாடிகள் பெரும்பாலும் பொலிக்காபனேற்று என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. 1953இல் ஜேர்மனியில் ஹேர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவில் டானியல் ஃபொக்ஸ் என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே இதனைக் கண்டனர். சாதாரணக் கண்ணாடியின் பாரத்திற் பாதியளவே உடையது. அடித்தால் நொறுங்காது, நெளியும். இதற்குப் பகை இரண்டு. கீறல் எளிதில் விழும்; ஆதலின் வன்பூச்சு இடுவர். மற்றது பட்டறைகளில் எங்கும் உள்ள தின்னர். பெயின்ற் தெறித்த ஆடியைத் தின்னர் தோய்த்த துணியால் துடைப்பாரைக் கண்டிருக்கின்றோம். அது பளபளவென்று தோன்றும். உள்ளேயோ நுண்விரிசல் ஓடி வலி குன்றியிருக்கும். சவர்க்காரமும் நீருமே போதும்.

ஐரோப்பிய நியமம் 166இன்படி சோதிக்கப்பட்ட கண்ணாடிகளில் சில எழுத்துக்கள் காணப்படும். ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்து, 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள எஃகுக் குண்டு செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்திற் பட்டும் தாங்கியது என்பதற்கு அடையாளம். குண்டின் எடை 0.86 கிராம், கிரைண்டர்ப் பொறியினும் எத்தனையோ மடங்கு பெரிது. இவ்வெழுத்து ஆடியில் ஒருமுறையும் சட்டத்திலோ கையிலோ மற்றொரு முறையுமாகப் பொறிக்கப்படும். இரண்டும் வேறுபட்டால் தாழ்ந்ததே முழுக்கண்ணாடிக்கும் உரிய தரமாகக் கொள்ளப்படும். ஆடி எத்துணை வலிதாயினும் கை மெலிதாயின் பயனில்லை என்பதை நியமம் வகுத்தோரும் உணர்ந்துள்ளனர். ‘என்’ என்னும் எழுத்துப் புகைமூட்டத்தைத் தாங்குவதற்கும், ‘கே’ நுண்துகளாற் கீறப்படாமைக்கும் உரியன.

கைகளைப் பற்றி இன்னும் சில. பிணைச்சலிலே திருகாணி இருந்தால் கிரைண்டரின் அதிர்வால் அது கழன்றுவிடும். ஆதலின் திருகாணியின்றிப் பொருந்தும் பிணைச்சல்களைச் செய்கின்றனர். மின்வேலை செய்பவர்க்கு உலோகம் சிறிதுமில்லாத கை வேண்டும். காதுக்குச் செவிக்காப்பு மெத்தை அணிபவர்க்குக் கை தட்டையாகவும் மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும். தடித்த கை மெத்தைக்கும் தலைக்கும் இடையே சந்து உண்டாக்கி, ஓசையை உள்ளே விடும். கண்ணைக் காக்கப் புகுந்து காதைக் கெடுத்த கதையாகும் அது. நுனியிலே மென்மையான இறப்பர்போன்ற பொருளை வார்த்திருந்தால் வியர்வையிலும் வழுக்காது. எம்மைப்போல் நாற்பதைக் கடந்து பார்வைக்கண்ணாடி அணிபவர், அதுவே போதுமென்று எண்ணுதல் தவறு. அதன் ஆடி அத்தகைய அடிக்கென்று செய்யப்பட்டதன்று, பக்கங்களும் திறந்தன. அதற்கு மேலால் அணியத்தக்க அகன்ற காவற்கண்ணாடிகள் உள்ளன.

வெல்டிங் செய்வோர்க்கு ஒரு சொல். நிறமற்ற காவற்கண்ணாடி ஊதாக்கடந்த கதிரிற் பெரும்பகுதியைத் தடுக்குமாயினும், வில்லொளியின் கடுமைக்கு அது ஈடாகாது. கறுத்த வெயிற்கண்ணாடியும் ஈடாகாது. அதற்குரிய இருண்ட ஆடி பதித்த முகமூடியே வேண்டும். ஆனால் முகமூடியை உயர்த்திவிட்டுச் சுத்தியலால் கசடு தட்டும் அந்த நேரத்திலேதான் துகள் பறக்கின்றது. ஆகவே முகமூடிக்கு உள்ளேயும் காவற்கண்ணாடி இருத்தல் வேண்டும். அங்கும் மெல்லிய கையே பொருந்தும்.

சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், கண்ணுக்கு இடர் விளைக்கும் வேலைகளில் காப்பளிக்கும் கடமையைத் தொழில்கொள்வோர்மீது சுமத்திற்று. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமும் அமைக்கப்பட்டது. எம் பட்டறைக்காரர் கண்ணாடி வாங்கித்தான் வைத்திருந்தார். காப்பு ‘கொடுக்கப்பட்டது’ என்று எந்த ஏட்டிலும் எழுதலாம். அது பொருந்தியதா என்று கேட்பாரில்லை.

சென்ற மாதம் பழைய மாணவர் ஒருவரின் உதவியோடு குவாரி வீதிக் கடைகளில் அலைந்து, நீளத்துக்கு மூன்று பற்களும் சாய்வுக்குச் சில படிகளும் உடைய கண்ணாடிகள் மூன்று வாங்கிச் சென்றோம். பட்டறைக்காரருக்கு முதற்பல் பொருந்திற்று. “இப்ப வழுகேல்லை சேர்” என்று குனிந்து காட்டினார். மூத்த இளைஞனுக்கு மூன்றாம் பல். இளையவனோ பதினேழு வயதினன், ஒடுங்கிய முகம். முதற்பல்லில் வைத்தும் கைகள் இரு பக்கமும் விரிந்து நின்றன, ஆடியின் ஓரத்தால் விரல் நுழைந்தது. நீளம் மாறினும் அகலம் மாறாதென்பதை நாம் கடையிலே எண்ணவில்லை. அவனுக்கேற்ற சிறிய சட்டமுடையது ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கின்றோம்; கண்ட அன்பர்கள் கல்லூரி முகவரிக்கு எழுதின் நன்றியுடையோம்.